உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட லாக்கப்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமில்லாதபோது மட்டும்தான் உங்களுக்கு என் ஞாபகம் வரும், இத்தனை மாதமாக வரவில்லை, அதனால் சொல்கிறேன். இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். போன் செய்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். செய்தால் உன் வீட்டுக்காரி எடுப்பாள். "அவரு தூங்குறாரு அண்ணி" என்பாள். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், மாலையில் கூப்பிட்டாலும் தூக்கம். இப்படித் தூங்குகிற மனுஷன் எந்த நேரத்தில் எழுந்து ஒரு புத்தகத்தையே எழுதி முடித்தான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றேன் என்று உனக்குத் தெரியும், மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். நீ பிறந்தாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் சிலேட்டைப் பரண்மேல் போட்டார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அது உன் பிழை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் போலீசுக்குப் பொன்விழா என்று சொல்லி, ஓய்வு பெற்ற நீ எழுதிக் கொடுத்த வரலாற்றுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அட்டை பளபளவென்று இருக்கிறது. ஒன்று என் பேத்தி கைக்கும் வந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். நல்ல குரல் அவளுக்கு. இருபத்தோராம் பக்கம் வந்தது. நீ எழுதியதை எழுத்து மாறாமல் சொல்கிறேன், எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும் என்பது உனக்குத் தெரியும்: "காவலர் தம் உயிரைத் துச்சமென மதித்து, தம் தமக்கையின் கணவர் என்றும் பாராது, மிதிவண்டித் திருடரைப் பாய்ந்து பிடித்தார். அதுவே நம் காவல்துறையின் முதல் கைது."

பாய்ந்தாயா? நீயா? நீ பாய்ந்து நான் பார்த்தது சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து மட்டும்தான்.

நான் சிரித்தேன். பேத்தி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டி, தாத்தா திருடரா?" என்று கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உன் அத்தான் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம், அவர் தூக்கி வளர்த்த பிள்ளை வாயிலிருந்து இந்தக் கேள்வி வரும்படி செய்துவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் எதற்காகக் கேட்டாள் என்று உனக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். நம் ஊர் ஸ்டேஷனிலேயே காவலர் வேலைக்கு அவள் எழுதிப் போட்டிருக்கிறாள். விடியும் முன்னே எழுந்து ஓடினாள், தாண்டினாள், கயிறு ஏறினாள், பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். மிச்சம் இருப்பது நேரில் பார்த்துக் கேட்கிற ஒன்றுதான், வருகிற வெள்ளிக்கிழமை. அங்கே எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்களாம், உன் வீட்டில் யாராவது கைதானது உண்டா என்று. போன மாதம் வரைக்கும் அவள் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லியிருப்பாள். இப்போது இல்லை என்று சொன்னால், இப்போது ஸ்டேஷனில் இருக்கிற அதிகாரியம்மா மேசையிலேயே உன் புத்தகம் கிடக்கிறது. ஆமாம் என்று சொன்னால், திருடன் பேத்திக்கு யார் லத்தியைக் கொடுப்பார்கள்? பிள்ளை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வரலாறு எழுதினாயே, நடந்ததை நான் எழுதுகிறேன், படி. கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் "கம்பீரமான கட்டடம் ஒன்றில்" ஸ்டேஷன் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். அது சலூன். மொட்டைமாடியில்லாத ஒற்றை அறைச் சலூன், பின்னால் ஒரு சின்ன அறை. சலூன்காரர் கடையைக் கடைத்தெருவுக்கு மாற்றிக்கொண்டு போனார், போலீஸ் உள்ளே வந்தது. இரண்டு சுவரிலும் எதிரும் புதிருமாகக் கண்ணாடி. அந்தச் சுழல் நாற்காலியைக்கூட அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு அதிகாரி, ஒரு காவலர், அவ்வளவுதான் மொத்தப் போலீசும். அந்த ஒரு காவலர் நீ. ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் கண்ணாடிக்குள் கண்ணாடியாக நூறு காவலர் நிற்பார்கள், நூறு பேரும் கொட்டாவி விடுவார்கள். வருகிறவர்கள் எல்லாம் முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள். போலீஸ் என்று போர்டு எழுதி மாட்டிய பிறகும் வந்தார்கள். அதிகாரி முதலில் கோபப்பட்டார், அப்புறம் விரட்டினார், கடைசியில் ஒரு கிழவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்றபோது அவரே கத்தரியை எடுத்துவிட்டார். இது உன் புத்தகத்தில் இல்லை.

பின்னறைதான் லாக்கப். அது சலூன்காரர் மத்தியானத்தில் படுத்துத் தூங்குகிற அறை, அதனால் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் இருந்தது. வெளிப்பக்கம் ஒரு ஆணிகூடக் கிடையாது. வெளியே தாழ்ப்பாள் வேண்டும் என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். இதுவரை எத்தனை பேரை அடைத்தீர்கள் என்று கேட்டு மேலிடம் எழுதியது. ஒருவரும் இல்லை என்று இவர் எழுதினார். அப்படியானால் தாழ்ப்பாள் எதற்கு என்று அவர்கள் எழுதினார்கள். ஆள் இருந்தால்தான் தாழ்ப்பாள், தாழ்ப்பாள் இருந்தால்தான் ஆள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நம் ஊரிலும் திருட்டு இல்லை. திருட்டு இல்லை என்பதைவிட, திருடுகிற மாதிரி யார் வீட்டிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து சேதி வந்தது, திங்கட்கிழமை பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார், ஒரு வழக்குகூட இல்லாத ஸ்டேஷனை மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார் என்று. உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, வெள்ளையடித்த சுவர் மாதிரி. உனக்குப் பெண் பேசி முடித்திருந்தது. உன் மாமனார் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டது காக்கிச் சட்டைக்குத்தான், சட்டைக்குள் இருந்த உனக்கு இல்லை. ஸ்டேஷன் போனால் சட்டை போகும், சட்டை போனால் பெண் போகும். இதை உன் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டு, அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் நீ என்னிடம் வரவில்லை. ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாய். சலூன்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறாய், ஒரு காலை நேரம் மட்டும் கைதாக முடியுமா என்று. அவர், கடையையே கொடுத்தேன், என்னையும் கேட்கிறாயா என்று துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாய். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தன்னை விட்டுவிடு, வேண்டுமானால் தன் மாமியாரை எடுத்துக்கொள் என்றாராம். மாமியார் வரத் தயாராகத்தான் இருந்தாள், கூட ஒரு துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டாள், அது ஒத்துவரவில்லை. எல்லா இடத்திலும் முட்டிக்கொண்டுதான் என் சமையலறை வாசலில் வந்து நின்றாய்.

உன் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் கடையிலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்தார், கையில் கிரீஸ்கூடச் சரியாகப் போகவில்லை. நீ நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அத்தான், ஒரே ஒரு உதவி."

"சொல்லு மாப்ள."

"உங்களைக் கைது பண்ணணும்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்போ?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை காலையில ஒரு ரிம் பெண்டு எடுக்கணும். அது முடிச்சிட்டு வரட்டுமா?"

கரண்டியும் கையுமாக நான்தான் இடையில் வந்தேன். எதற்குக் கைது என்று கேட்டேன். சைக்கிள் திருட்டு என்றாய். எந்த சைக்கிள் என்று கேட்டேன்.

"எங்க ஸ்டேஷன் சைக்கிள்தான் அக்கா. அது அத்தான் கடையிலதானே பங்சருக்கு நிக்குது. களவுப் பொருளை நாம தேடவே வேண்டாம் பாரு."

ஊர்ப் போலீஸ்காரன் தானே தள்ளிக்கொண்டு வந்து விட்ட சைக்கிளை, ஒட்டுப்போடக் கொடுத்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கப் போகிறான். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். நீ மூக்கை உறிஞ்சினாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம், நான்தான் துடைத்துவிட்டவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார், ஒரு பேச்சும் வராது, பெரிய அதிகாரி போனதும் வழக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று உன் தலைமேல் கை வைத்துச் சொன்னாய். உன் தலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த மனுஷனுக்குத்தான் இல்லை என்ற சொல் வாயில் வராதே. "பாவம் விடு, சின்னப் பையன்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை வந்தது. ரிம் பெண்டு எடுத்தார். பிறகு, பங்சரான சைக்கிளைத் திருடினேன் என்றால் எனக்கல்லவா கேவலம் என்று சொல்லி, டியூபைக் கழற்றி, தண்ணீரில் முக்கிப் பார்த்து, ஒட்டுப்போட்டு, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மணியையும் துடைத்து வைத்தார். அந்த சைக்கிள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அப்புறம் நீ கைது செய்தாய். எப்படிச் செய்தாய் என்பதைத்தான் "பாய்ந்து பிடித்தார்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஊருக்கே ஒரு போலீஸ், போலீசுக்கே ஒரு சைக்கிள், அதை விடத் தெரியாமல் ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே ரோந்து போனவன் நீ. அன்றைக்கு நேரமாகிவிட்டது, பெரிய அதிகாரி வருகிற பஸ் வந்துவிடும் என்று நீ பதறினாய். உன் அத்தான்தான் "ஏறு மாப்ள" என்றார். திருடன் மிதிக்க, போலீஸ் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, விழுந்துவிடாமல் திருடன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெருவே பார்த்தது. பிடித்தாய், உண்மைதான், கெட்டியாகத்தான் பிடித்திருந்தாய்.

ஸ்டேஷனில் அவரைப் பின்னறைக்குள் அனுப்பி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னாய். யார் தட்டினாலும் திறக்காதீங்க, நான் கூப்பிட்டா மட்டும் திறங்க என்று வேறு சொல்லி வைத்தாய். அந்த மனுஷன் சொன்ன சொல் தட்டமாட்டார். போட்டார், படுத்தார், தூங்கிவிட்டார். பெரிய அதிகாரி வந்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார், அது அவரை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியைப் பார்க்க வைத்தது. வழக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். களவுப் பொருளைப் பார்த்தார், இவ்வளவு பளபளப்பான சைக்கிளை யாருக்குத்தான் எடுக்கத் தோன்றாது என்று மெச்சினார். பிறகு கைதியைப் பார்க்க வேண்டும் என்று கதவைத் தட்டினார். அறைக்கு வெளியே நடந்ததை உங்கள் அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உன் அத்தான் இதை என்னிடம் சொன்னார், அவருக்குப் பொய் சொல்ல வராது, அதனால் நடந்தது நடந்தபடியே.

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் குரல் வந்தது. "யாரு?"

"சோதனை அதிகாரி. கதவைத் திற."

"மாப்ள வந்தாத்தான் திறப்பேன்."

பெரிய அதிகாரி உன் பக்கம் திரும்பினார். "யாருய்யா மாப்ள?"

"அவன் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவான் ஐயா" என்றாய் நீ. அப்புறம் கதவுக்கு முன்னால் போய் நின்று, குரலை உயர்த்தி, "டேய் திருடா, திறடா கதவை" என்றாய்.

உள்ளே அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "மரியாதையா கூப்பிடு" என்று பதில் வந்தது.

நூறு கண்ணாடிக்குள்ளும் நூறு பேருக்கு வியர்த்ததாம். உங்கள் அதிகாரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வேறு வழியில்லாமல் நீ கதவோரம் வாயை வைத்து, "அத்தான், கொஞ்சம் திறங்க அத்தான்" என்றாய். தாழ்ப்பாள் உடனே திறந்தது. பெரிய அதிகாரி அதைப் பார்த்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்த உலகத்தின்மேல் இருந்த நம்பிக்கையை எடுத்தது. இந்த ஊர்ப் போலீஸ் கைதியைக்கூட முறை வைத்துத்தான் கூப்பிடுகிறது, கைதியும் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான், இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை என்று சொல்லி உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஸ்டேஷன் பிழைத்தது. ஆனால் இவ்வளவு நல்ல வழக்கை இங்கேயே வைத்திருக்கக் கூடாது, இன்றைக்கே நீதிபதியிடம் கொண்டு போ என்றும் சொல்லிவிட்டார். கூடவே பஸ் ஏறினார். கிழித்துப் போட உனக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். ஆறிப்போனது. சூடு பண்ணினேன். அதுவும் ஆறிப்போனது. பக்கத்து ஊர்க் கோர்ட்டில் உன் அத்தான் நின்றுகொண்டிருந்தார். விலங்கு இல்லாததால் அவர் கடையிலிருந்தே ஒரு பழைய டியூபை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக் கூட்டிப் போனாயாம், அதையும் அவரே சுற்றிக்கொண்டாராம், உனக்கு முடிச்சு வராது. நீதிபதி கேட்டிருக்கிறார், சைக்கிளைத் திருடினாயா என்று. இவர் உன் முகத்தைப் பார்த்தார். நீ மூக்கை உறிஞ்சினாய்.

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா" என்றார்.

அவ்வளவுதான் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதி, புத்தி சொல்லி, வாராவாரம் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். வாராவாரம் போனார். போகிறபோது ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போய், அந்த சைக்கிளைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார். திருடினவனே திருடின சைக்கிளுக்கு பிரேக் வைத்துக் கொடுத்த கதை எந்த ஊரில் உண்டு?

அதன்பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ புது மாப்பிள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தாய். கடைக்கு சைக்கிள் விட வருகிறவன் எல்லாம், "பார்த்துங்க, இதையும் எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். சொன்னவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேரோடு நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருந்துக்கடைக்காரர் அதைச் சொன்ன அன்றையிலிருந்து நான் எந்தத் தலைவலிக்கும் அந்தக் கடை ஏறியதில்லை, வலியைப் பொறுத்துக்கொள்வேன், அவர் சிரிப்பைப் பொறுக்கமாட்டேன். உன் அத்தான் மட்டும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் கேட்டால், "ஸ்டேஷன் இருக்குல்ல, மாப்ளைக்குக் கல்யாணம் ஆச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பார். சாகிற வரைக்கும் அதுதான் அவர் சொன்னது.

ஸ்டேஷன் இருந்தது, வளர்ந்தது. ஒரு கைதியைக் காட்டிவிட்டதால் வெளித் தாழ்ப்பாள் வந்தது, அதை மாட்டிய அன்றைக்கு உங்கள் அதிகாரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் பெரிய டீப் பாத்திரத்தை அன்றைக்குத்தான் வாங்கிப் போனீர்கள், இன்னும் வரவில்லை. அப்புறம் புதுக் கட்டடம். அப்புறம் விசில் அதிகாரி வந்தார், ஆடு தெருவைக் கடந்தாலும் விசில், பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போனாலும் விசில், தூங்குகிற பிள்ளையெல்லாம் எழுந்து அழும். அப்புறம் ஜீப் வந்தது, அது தள்ளினால்தான் ஓடும் என்பதால் திருடனைத் துரத்துவதற்கு முன்னால் தெருவில் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் மோப்ப நாய். நாய்க்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நாக்கைத் தொங்கப்போட்டபடி படமும் போட்டிருக்கிறாய். அந்த நாய் எந்தத் திருட்டு நடந்தாலும் நேராகப் போய் ரொட்டிக் கடை வாசலில் நிற்கும். கோழி காணாமல் போனாலும் ரொட்டிக் கடை, கொடியில் காய்ந்த சேலை போனாலும் ரொட்டிக் கடை. ரொட்டிக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்கு வந்து நான் இல்லை ஐயா என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் ஊரைவிட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நாய்க்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அதற்கு முழுப் பக்கம். ஸ்டேஷனையே காப்பாற்றிய மனுஷனுக்கு இரண்டு வரி, அந்த இரண்டு வரியிலும் திருடர்.

உன்னையும் நான் அறிவேன் தம்பி. இருபத்தோராம் பக்கத்தை நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நீ காவலராகச் சேர்ந்து, பட்டை வாங்கி, தொந்தி வைத்து, ஓய்வு பெற்ற வரைக்கும் நீ கைது செய்தது அந்த ஒரே ஒரு ஆள்தான். மற்றதெல்லாம் மற்றவர்கள் பிடித்தது. அந்த நாய்கூடக் கடைசியில் ஒரு ஆளைக் கடித்தது. உன் அத்தானை எடுத்துவிட்டால் அந்தப் புத்தகத்தில் உனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பேரப்பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவாய்? எனக்கும் அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் உனக்கு முடிந்துபோன வேலை, அவளுக்கு இனிமேல்தான் வேலை. எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீயே சொல். உன் அத்தான் உனக்காக ஒரு தடவை திருடன் ஆனார். நீ அவர் பேத்திக்காக ஒரே ஒரு தடவை யாரையும் பிடிக்காத போலீஸ் ஆகக் கூடாதா?

ஆகவே வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடு. குளித்து, அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னோடு ஸ்டேஷனுக்கு வா. அதிகாரியம்மா முன்னால் நின்று, சைக்கிள் பங்சருக்கு நின்றது, அத்தான் மிதித்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன், தாழ்ப்பாள் உள்பக்கம் என்று உன் வாயால் சொல்லு. இருபத்தோராம் பக்கத்தின்மேல் வேறு தாள் ஒட்டு, எத்தனை புத்தகம் அச்சடித்தாயோ அத்தனையிலும் ஒட்டு, பசை நான் காய்ச்சித் தருகிறேன். வரவில்லை என்றால் நானே தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சொல்வேன். நான் சொன்னால் உனக்கு மூக்கு ஒழுகியதையும் சேர்த்துத்தான் சொல்வேன், எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

உன் சர்க்கரைக்கு மருந்து வேளை தவறாமல் சாப்பிடு. உன் மகனை அடிக்கடி அப்பா பக்கத்தில் உட்காரச் சொல்லு. உன் வீட்டுக்காரிக்கும் என் அன்பைச் சொல்லு, கேட்டால் மட்டும். பிள்ளைகள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஊர் வாயில் விழாமல், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். நீயும்தான்.

உன்மேல் என்றைக்கும் பாசமுள்ள,
அக்கா

பி.கு. மேலே எழுதியது எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை எழுதி முடித்தேன். உறையில் போட்டு ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை அதிகாரியம்மாவுக்கு வேறு வேலை என்று சொல்லி பேத்தியை இன்று புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு நடந்த கதை முழுக்க நான் சொல்லித்தான் அனுப்பினேன், உண்மையை அப்படியே சொல்லு என்று. போனாள். உன் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடந்ததாம், அதே பக்கம்.

"இந்த சைக்கிள் கடைக்காரர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாராம் அதிகாரியம்மா.

"தாத்தா மேடம்."

"பிடிச்ச போலீஸ்காரர்?"

"அவரும் தாத்தாதான் மேடம்."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். இந்த ஊரில் எவனைப் பிடித்தாலும் அரை மணி நேரத்தில் ஒரு சித்தப்பா வந்து நிற்கிறான், ஒரு மாமன் வந்து நிற்கிறான், விட்டுவிடச் சொல்லி. சொந்த அக்கா புருஷனையே பாய்ந்து பிடித்த வீட்டுப் பெண் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள், இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார். "உண்மையைச் சொல்லத்தான் பாட்டி வாயைத் திறந்தேன், அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்கிறாள் பேத்தி. இப்போதுதான் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆகையால் நீ வர வேண்டாம். தாளும் ஒட்ட வேண்டாம். இருபத்தோராம் பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றிவிடாதே. யாராவது கேட்டால், அத்தான் திமிறினார், மூன்று தெரு துரத்தித்தான் பிடித்தேன் என்று சொல்லு, நானும் அப்படியே சொல்கிறேன், மருந்துக்கடைக்காரரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். திட்டியது திட்டியதாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. அடுத்த வருஷம் பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறாராம், பேத்தி பிடித்ததாக ஒரு வழக்கும் இல்லையென்றால் அவளுக்குச் சங்கடம். வீட்டில் கைதாகிற வயதில் மிச்சம் இருப்பது நீதான். சைக்கிளுக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன். அதற்குள் விடக் கற்றுக்கொள்.